எத்தனை தரம் அழுத்தினேன்

நாலு தரம். நாலு தரம்தான் அழுத்தினேன், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் தேத்தண்ணீர் போட மேலே போவதற்கு முன்னால் இன்னொரு தரம் பொத்தானில் கை வைத்தேன், வைத்தேனா அழுத்தினேனா, வைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது, சிவப்புப் பொத்தான் பெருவிரலுக்குக் கீழே சில்லிட்டுக் கிடந்தது, பிறகு மோட்டார் சுற்றிய சத்தமும் காதில் இருக்கிறது, ஆனால் அது அந்தத் தரத்துச் சத்தமா முந்தின தரத்துச் சத்தமா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வேன். எல்லாத் தரமும் ஒரே சத்தம்தானே. மோட்டார் கடகடவென்று தொடங்கும், உள்ளே எண்ணெய் சீறும், சடசடவென்று பொறி தட்டும், பிறகு பற்ற வேண்டும், பற்றினால் ஓர் உறுமல் சுவர் வழியாக வீடு முழுக்க ஏறும். இன்று காலை ஆறரைக்கு எழும்பியபோது அந்த உறுமல் இல்லை. மூச்சுப் புகையாகப் போனது. கீழே பேஸ்மென்ட்டுக்கு ஓடி வந்து அழுத்தினேன், பற்றியது, அரை நிமிடம் எரிந்தது, டக்கென்று நின்றது. இரண்டாம் தரமும் அப்படியே. அதற்குப் பிந்திய தரங்களில் பற்றவே இல்லை, வெறும் சீறல் மட்டும். அப்படியென்றால் அந்தச் சீறின எண்ணெய் எங்கே. எரியாத எண்ணெய் எங்கேயும் ஓடிப்போகாது, வீட்டைச் சூடாக்குகிற இந்த ஃபேர்னஸின் இரும்பு வயிற்றுக்குள் ஊறிக்கொண்டு கிடக்கும், ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு பங்கு, கடைசியில் ஒருநாள் பற்றும்போது எல்லாம் ஒன்றாகப் பற்றும். பக்கத்தில் ஒட்டியிருக்கிற மஞ்சள் தாளில் அதைத்தான் எழுதியிருக்கிறார்கள், திரும்பத் திரும்ப அழுத்த வேண்டாம் என்று. அதை நான் நாலாம் தரத்துக்குப் பிறகு வாசித்தேன். நாலா, ஐந்தா. மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை வருகிறது, முதலே இருந்த வாடையா இப்போது வந்ததா, மூக்குக் குளிரில் விறைத்துப் போயிருக்கிறது, அதையும் நம்பமுடியாது.

இப்போது எட்டரை மணி. வேணுகா லண்டனில் இறங்கியிருப்பாள். அங்கே அடுத்த விமானத்துக்குக் காத்துக்கொண்டிருப்பாள், நான் போன வருடம் அனுப்பிய அந்த நீலக் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஏனென்றால் போட்டால் வேர்க்கிறது என்று கொழும்பிலிருந்து சொன்னவள். பின்னேரம் ஆறு மணிக்கு ரொறொன்ரோவில் இறங்குவாள். கலியாணம் கட்டி மூன்று வருடம், திருச்சியில் கட்டினோம், கட்டின பிறகு ஒன்றாக இருந்தது இருபத்திரண்டு நாள், மிச்சம் முழுக்கத் தொலைபேசி. தொலைபேசியில் ஆண்பிள்ளைகள் எல்லோரும் கொஞ்சம் உயரமாகிவிடுவார்கள். நான் நல்லாகவே உயர்ந்துவிட்டேன். வீடு எப்படி என்று கேட்டாள், சின்ன வீடு, ஆனால் தனி வீடு, பீற்றர்பரோவுக்குக் கொஞ்சம் தள்ளி, பின்னுக்கு மரங்கள் என்றேன். எல்லாம் உண்மை. குளிராதா என்று கேட்டாள். வெளியில்தான் குளிர், உள்ளுக்கு நீர் பருத்திச் சீலையோடு திரியலாம் என்றேன். சாவகச்சேரியில் கணக்குப் படிப்பிக்கிற ரீச்சர் அவள், எத்தனை பாகை என்று கேட்டாள். இருபத்திரண்டு என்றேன். இப்போது மேலே சுவரில் தேர்மோஸ்டாற் பதினொன்று காட்டுகிறது, வெளியே மைனஸ் இருபத்துமூன்று, பதினொன்று ஒன்பதாகும், ஒன்பது ஆறாகும், அவள் வாசலில் வந்து நிற்கும்போது எத்தனை என்று அவளே கணக்குப் பண்ணிச் சொல்லுவாள். வாசலில் நிறைகுடம் வைத்திருக்கிறேன். நேற்றே வைத்துவிட்டேன், செம்பு புதிது, தேங்காய் சீனக்கடையில் வாங்கியது, மாவிலை மட்டும் பிளாஸ்டிக். வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்து, நேரே குசினிக்குப் போய், அவள் கையால் பால் காய்ச்ச வேண்டும். முதல் கால் என்ரை வீட்டிலைதான் வைக்க வேணும் என்று நான்தான் அவளுக்குச் சொன்னேன், ஒருதரம் அல்ல, எத்தனையோ தரம். ஸ்கார்பரோவில் தயாபரன் அண்ணையின் பேஸ்மென்ட்டில் நான் நாலு வருடம் கிடந்தேன், அவருடைய கழுவுமெஷின் என் தலைமாட்டில் சுழலும், அங்கே ஒருநாள்கூட அவளை வைக்கமாட்டேன் என்று நினைத்துத்தான் இந்த வீட்டை எடுத்தேன். எல்லோரும் வேண்டாம் என்றார்கள். எண்ணெயில் ஓடுகிற ஃபேர்னஸ் உள்ள வீட்டை இந்தக் காலத்தில் யார் எடுப்பான் என்று கேட்டார்கள். நான் எடுப்பேன் என்று சொன்னேன். வீம்பு பிடித்த வாய்.

ஏழு மணிக்குத் தயாபரன் அண்ணையைத்தான் தொலைபேசியில் எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது. பின்னால் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுகிற சத்தம், அவர் ஒரு காதால் என்னைக் கேட்டுக்கொண்டு, தாங்கியில் எண்ணெய் இருக்கா என்றார், ஓடிப்போய்ப் பார்த்தேன், பாதிக்கு மேல் இருக்கிறது. அப்ப இன்னொருக்கா அமத்திப் பார் என்றார். அமத்தினேன். அதுதான் மூன்றாவது. கொஞ்சம் பொறுத்து அமத்து என்றார், அது நாலாவது, ஆனால் பொறுத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் மகளோடு கதைக்கப் போய்விட்டார், நான் சும்மா நின்றேன், சும்மா நிற்கிற நேரத்தில் என் கை என்ன செய்தது. ஒன்றும் சரிவராவிட்டால் அவளை இங்கை கூட்டிக்கொண்டு வா, கீழ் அறை சும்மாதான் கிடக்கு என்று சொல்லிவிட்டு வைத்தார். நல்ல மனசோடுதான் சொன்னார். அதற்குப் பிறகு ஃபேர்னஸின் முதுகில் பழைய ஸ்ரிக்கர் ஒன்றில் ஒரு நம்பர் கண்டுபிடித்தேன், வேர்ன் என்ற பெயர், திருத்துகிறவர், எடுத்தேன், ஒரு கிழவர், பனிக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறார், அவருக்கு முன்னால் ஐந்து வீடு, நாளைக் காலைதான் வரலாம் என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார், எத்தனை தரம் ரீசெற் பொத்தானை அழுத்தினாய். இரண்டு என்றேன். நினைக்கவே இல்லை, வாய் தானாகச் சொன்னது. இரண்டென்றால் பரவாயில்லை என்றார், ஒரு மணித்தியாலம் விட்டு இன்னும் ஒரே ஒரு தரம் அழுத்திப் பார், பற்றாவிட்டால் பிறகு தொடவே கூடாது. ஏன் இரண்டு என்றேன். இதை நான் இந்தக் குளிருக்குள் முக்காலியில் இருந்து ஒரு மணித்தியாலமாக யோசிக்கிறேன், காரணம் தெரியாமல் இல்லை. இங்கே வந்த புதிதில் அகதி விசாரணையில், ஊரில் என்னை எத்தனை நாள் முகாமில் வைத்திருந்தார்கள் என்று கேட்டார்கள். எழுதிக் கொடுத்ததில் நாற்பத்தொரு நாள். வாயால் சொல்லும்போது ஒன்றரை மாதம் அளவில் என்றேன். விசாரித்த பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்தார். அந்த ஒரு பார்வைக்கு வழக்கு எட்டு மாதம் தள்ளிப்போனது. அன்றிலிருந்து யார் கேட்டாலும், கையில் பேனை இல்லாவிட்டாலும், எனக்கு ஒரு சின்னச் சுத்தமான எண் வாயில் வந்து நிற்கும். பல் வைத்தியர் ஒரு நாளைக்கு எத்தனை தேத்தண்ணீர் என்று கேட்டார், இரண்டு. ஆறு குடிக்கிறேன். ஆனால் பல் வைத்தியருக்குச் சொன்ன பொய்யில் என் பல்தான் போகும்.

கண் என்று ஒன்று இருக்கிறது இதற்கு. அதைத் தொலைபேசியில் ஒரு வீடியோவில் பார்த்துத்தான் அறிந்தேன், வேர்னோடு கதைத்த பிறகு. உள்ளே நெருப்பு எரிகிறதா என்று பார்க்க ஒரு சின்னக் கண் வைத்திருக்கிறார்கள், கண்ணாடிப் பொட்டு ஒன்று, நெருப்பு தெரியாவிட்டால் எண்ணெய் வீணாகக் கொட்டுகிறது என்று நினைத்து அது எல்லாவற்றையும் நிறுத்திவிடும். புத்திசாலிதான். ஒரு மூடியைத் தூக்கிக் கழற்றிப் பார்த்தேன், கண் முழுக்க மண்ணிறப் படலம். விரலால் தொட்டேன், பிசுபிசுத்தது. மணந்து பார்த்தேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வறுத்த மல்லி. பெருஞ்சீரகம். செத்தல்மிளகாய். போன ஞாயிறு நான் இதே இடத்தில், இந்த ஃபேர்னஸிலிருந்து ஓர் எட்டுத் தள்ளி, மின்சார அடுப்பில் தாச்சியை வைத்து இரண்டு மணித்தியாலம் கறித்தூள் வறுத்தேன். மேலே வறுத்தால் புகைமணி கத்தும், புதுச் சுவர் முழுக்க மணக்கும், வேணுகா வந்து ஏறுகிற வீடு மிளகாய் மணக்கக் கூடாது என்று கீழே கொண்டுவந்தேன். பிறகு இங்கேயே அரைத்தேன், அரைத்தபோது தும்மித் தும்மிக் கண்ணீர் வந்தது, எனக்கு வந்த அதே கரிச்சல் இதற்கும் வந்திருக்கிறது, நான் தும்மினேன், அது தும்மத் தெரியாமல் காற்றோடு சேர்த்து எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டது. தூள் கொண்டுவர வேண்டாம் என்று அவளிடம் சொன்னதே நான்தான். இங்கே இருந்து ஊருக்குப் போய்வருகிற ஒவ்வொரு தமிழனின் பெட்டியிலும் நாலு கிலோ தூள் இருக்கும், நீர் புத்தகங்களைக் கொண்டுவாரும், தூள் நான் வறுத்து வைக்கிறேன் என்றேன். வறுக்கத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றேன். பொல்லாத வறுப்பு. நாடு முழுக்க எத்தனை வீட்டில் எத்தனை ஃபேர்னஸ் நின்றிருக்கும், தூசி, கரி, எலிக்கூடு, காரணம் ஆயிரம் இருக்கும், பெண்சாதிக்கு வறுத்த தூளால் கண் அவிந்த ஃபேர்னஸ் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

துணியால் துடைத்தேன். மெல்ல, குழந்தையின் கண்ணைத் துடைப்பதுபோல. கண்ணாடி பளிச்சென்று வந்தது, திரும்பச் செருகி மூடியை இறக்கினேன். அப்படியென்றால் இப்போது சரி. இப்போது அழுத்தினால் எரிகிற நெருப்பை அது பார்க்கும், நிறுத்தாது, எல்லாம் ஓடும், பதினொன்று பன்னிரண்டாகும், மத்தியானத்துக்குள் இருபத்திரண்டு, நான் பொய் சொன்னவன் அல்ல. இதுதான் என்னைக் கொல்கிறது. இதுவரைக்கும் பற்றாது என்ற பயத்தில் அழுத்தினேன், இனிப் பற்றும் என்ற பயத்தில் அழுத்தமுடியாமல் இருக்கிறேன். உள்ளே எவ்வளவு கிடக்கிறது. இரண்டு தரம் எரிந்தது, அந்த எண்ணெய் எரிந்துபோய்விட்டது, அதைக் கழிக்கலாம். பற்றாத தரங்கள் இரண்டு. அல்லது மூன்று. அண்ணை மகளோடு கதைத்த நேரத்தையும் சேர்த்தால் நாலு. நாலு தரம் முக்கால் முக்கால் நிமிடம் சீறினால் எவ்வளவு வரும், ஒரு தேத்தண்ணீர்க் கோப்பையா, ஒரு போத்தலா. ஒரு போத்தல் எண்ணெயை இரும்புப் பெட்டிக்குள் ஊற்றி நெருப்பு வைத்தால் என்ன ஆகும் என்பதையும் வீடியோவில் பார்த்தேன், கதவு கழன்று போகிறது, புகைக்குழாய் கழன்று போகிறது, கறுப்புப் புகை வீடு முழுக்க. புது வெள்ளைச் சுவர். நிறைகுடம். இல்லை, அந்த அளவுக்கு வராது, அந்த வீடியோவில் இருந்தவன் பத்துத் தரம் அழுத்தியிருப்பான். வேர்ன் அழுத்தலாம் என்றுதானே சொன்னார். ஒரு மணித்தியாலம் விட்டு ஒரு தரம் என்றார், ஒரு மணித்தியாலம் தாண்டிவிட்டது, இந்தத் தொழிலில் கிழவனானவர் சொன்ன சொல். ஆனால் அவர் எனக்குச் சொல்லவில்லை. இரண்டு தரம் அழுத்திய ஒருவனுக்குச் சொன்னார், அப்படி ஒருவன் இந்த வீட்டில் இல்லை. திரும்ப எடுத்து உண்மையைச் சொல்லலாம். சொன்னால், அப்ப முதல் ஏன் இரண்டு என்று சொன்னாய் என்பார். எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார், தொலைபேசியில் எப்படிப் பார்ப்பார், ஆனாலும் பார்ப்பார். விரல் விறைக்கிறது. பொத்தான் சின்னதுதான், ஒரு பருப்பளவு சிவப்பு. எனக்கு முப்பத்தெட்டு வயது. என் பெருவிரல் அதற்கு மேலே நிற்கிறது, நான் வைக்கச் சொல்லவில்லை, அது தானாக நிற்கிறது, மனம் மட்டும் ஆறு மணி விமானத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது, ஒரு தரம்தானே, ஒரே ஒரு தரம், கடைசித் தரம்.

தொலைபேசி அடித்தது. வேணுகா. கையை இழுத்தேன், இழுத்த வேகத்தில் முக்காலி விழுந்தது. லண்டனில் விமானத்துக்கு ஏறுகிற வாசலைத் திறந்துவிட்டார்களாம், ஆட்கள் வரிசையில் நிற்கிறார்களாம், பக்கத்தில் ஒரு கிழவி இவளுடைய கோட்டைத் தொட்டுப் பார்த்து நல்ல கோட் என்று சொன்னாளாம். குரலில் நித்திரை இல்லை, சந்தோசம் இருந்தது. பிறகு கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, வீடு சூடா இருக்குதே?"

இருக்கு என்று சொல்ல வாய் திறந்தது. அந்தச் சொல் நாக்கின் நுனியில் தயாராக நின்றது, மூன்று வருடமாக எதைக் கேட்டாலும் நான் சொல்லி வந்த சொல்.

"இல்லை" என்றேன். "ஃபேர்னஸ் நிண்டு போச்சு. பத்த வைக்கப் பாக்கிறன், பத்தேல்லை."

பிறகு எல்லாம் கொட்டிவிட்டேன், நிறுத்தத் தெரியவில்லை, தூள் வறுத்தது, கண், எண்ணெய் ஊறிக் கிடப்பது, இன்னொரு தரம் அழுத்தினால் இரண்டில் ஒன்று என்பது. பின்னால் யாரோ ஒலிபெருக்கியில் இருக்கை எண்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எத்தினை தரம் அமத்தினீங்கள்?"

"தெரியேல்லை, வேணு. நாலாயிருக்கும். ஆறாயும் இருக்கலாம்."

"திருத்திற ஆளுக்கும் அப்பிடித்தான் சொன்னீங்களோ?"

"இல்லை. அவருக்கு ரண்டு எண்டு சொன்னனான்."

ரீச்சர் பிழையான விடையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று நினைத்தேன். ஏச்சு வரும் என்று காத்திருந்தேன். ஏசவில்லை.

"இனி எட்டு மணித்தியாலம் நான் உங்களோட கதைக்கேலாது. வானத்திலை இருப்பன். நீங்கள் அதைத் தொட்டீங்களோ இல்லையோ எண்டு ஆரிட்டைக் கேக்கிறது? எனக்கு எந்த வீடெண்டாலும் பரவாயில்லை. இறங்கி வரேக்கை வாசலிலை நீங்கள் நிக்க வேணும். சொல்லுங்கோ, நிப்பீங்கள்தானே?"

நிற்பேன் என்றேன். சத்தியமாகவா என்று கேட்கவில்லை, கேட்டிருந்தால் நல்லது என்று நினைத்தேன். அவளுடைய வரிசையைக் கூப்பிட்டுவிட்டார்கள், வைக்கிறன் என்றாள், வைத்துவிட்டாள்.

படிக்கட்டின் மேல்முனையில் சுவரில் ஒரு சிவப்பு ஆளி இருக்கிறது, முழு மெஷினுக்கும் மின்சாரத்தை நிறுத்துவது அதுதான், ஏறிப்போய் அதை அணைத்தேன். பிறகு வேர்னுக்கு எடுத்தேன். இரண்டு என்று சொன்னது பிழை, எத்தனை என்று எனக்குத் தெரியாது, நாலுக்கும் ஆறுக்கும் இடையில் என்றேன். என் ஆங்கிலம் அந்த இடத்தில் வழக்கத்தைவிட மோசமாக இருந்தது. அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். ஏன் என்று கேட்கவில்லை. பிரதான ஆளியை அணைத்தாயா, சரி, தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு எல்லாப் பைப்பையும் திறந்து வடிய விடு, இல்லாவிட்டால் உறைந்து வெடிக்கும், நாளை காலை எட்டு மணிக்கு முதல் வீடாக உன்னிடம் வருகிறேன் என்றார். அவ்வளவுதான். நான் இன்னும் கேள்வி வரும் என்று தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அவர் எப்போதோ வைத்துவிட்டார்.

தயாபரன் அண்ணைக்கு எடுத்துக் கீழ் அறையில் ஒரு ஹீற்றர் வைக்கச் சொன்னேன். முதல் இரவு அங்கேதான். கழுவுமெஷின் தலைமாட்டில் சுழலும், அவள் சிரிப்பாள், அல்லது சிரிக்கமாட்டாள், சொல்லமுடியாது. வெட்கமாக இருக்கிறது, அதை மறைக்கவில்லை. தண்ணீரை மூடினேன், பைப்புகளைத் திறந்தேன், குசினியில் கடைசித் தண்ணீர் கொறகொறவென்று போய் நின்றது. மணி இன்னும் பத்தாகவில்லை. விமான நிலையத்துக்குப் போக இரண்டு மணித்தியாலம் போதும், மூன்றரைக்கு வெளிக்கிட்டால் காணும், அதுவரைக்கும் சுவரைத் துடைக்கலாம், கம்பளிகளை மடிக்கலாம். கதிரையில் இருந்தேன். ஐந்து நிமிடம் இருந்திருப்பேன். ஆளியைத் திரும்பப் போட எத்தனை நொடி எடுக்கும், படி பன்னிரண்டு, இறங்க எத்தனை நொடி, கண் துடைத்தாயிற்று, எண்ணெய் இந்த நேரத்துக்குள் கொஞ்சம் காய்ந்திருக்காதா, ஒரு தரம் என்று மனம் திரும்பத் தொடங்கிவிட்டது. எழும்பினேன். கோட்டைப் போட்டேன், அவளுக்கு ஒரு தடித்த கம்பளியைக் கக்கத்தில் இடுக்கினேன், கதவைப் பூட்டித் திறப்பைச் சட்டைப்பைக்குள் போட்டேன், கார்க் கண்ணாடியில் பனியைச் சுரண்டத் தொடங்கினேன். ஆறு மணி விமானத்துக்குப் பத்து மணிக்கே வெளிக்கிடுகிற விசரன் என்று பார்க்கிறவர்கள் நினைக்கட்டும். வேணுகா வெளியே வருகிற வாசலுக்கு நேரே நிற்பேன், கால் நொந்தால் ஒரு கதிரையில் இருப்பேன், அங்கே அழுத்துவதற்கு ஒன்றும் இல்லை.